மேகசின்: சொல் விளக்கமும் தமிழ் நிகரும்

மேகசின் என்றால் நம்மில் பெரும்பாலோருக்கு வார இதழோ மாத இதழோதான் நினைவுக்கு வரும். போலீஸ் செய்தி படிப்பவர்களுக்குத் துப்பாக்கியின் தோட்டாப் பகுதியும் தெரிந்திருக்கும். ஆனால் பாரிஸில் 'மகஸான்' என்பது கடை. மாஸ்கோவில் ஒருவர் 'மகசீன்' போகிறேன் என்றால் ரொட்டியோ பாலோ வாங்கக் கிளம்புகிறார். நெதர்லாந்தில் 'மகஸெய்ன்' சரக்குக் கிடங்கு. ஜெர்மன் நூலகத்தில் 'மகட்சீன்' என்றால் வாசகர்கள் நுழைய முடியாத, நூல்களை அடுக்கி வைத்திருக்கும் உள் அறை. இவை தற்செயலாக ஒரே மாதிரி ஒலிக்கும் வெவ்வேறு சொற்கள் அல்ல. எல்லாம் ஒரே சொல்தான்.

மூலம் அரபு மொழி. க-ஜ-ன என்ற மூன்று மெய்களால் ஆன வேருக்கு, சேமித்துப் பத்திரப்படுத்துதல் என்று பொருள். அரபியில் வேரின் முன்னால் 'ம' சேர்ந்தால் அந்தச் செயல் நடக்கும் இடத்தைக் குறிக்கும். சஜ்தா, அதாவது நெற்றி தரையில் பட வணங்குதல், செய்யும் இடம் மஸ்ஜித், தர்ஸ் எனும் பாடம் நடக்கும் இடம் மதரசா என்பதுபோல, சேமிக்கும் இடம் 'மக்ஜன்'. அதன் பன்மை 'மகாஜின்', அதாவது கிடங்குகள். ஐரோப்பியர் எடுத்துக்கொண்டது இந்தப் பன்மை வடிவத்தை. அதே வேரில் பிறந்த இன்னொரு சொல் பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்து நெடுங்காலமாகப் புழங்குகிறது: கஜானா. அரசு கஜானாவும் ஆங்கில மேகசினும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

ஐரோப்பாவுக்குள் இது இரண்டு வாசல்களில் நுழைந்தது. ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் அரபு பேசியவர்கள் பல நூற்றாண்டுகள் ஊரோடு ஊராக வாழ்ந்தார்கள். அங்கே சொற்கள் 'அல்' என்ற அரபுச் சுட்டையும் ஒட்டிக்கொண்டே வந்தன. அதனால் ஸ்பானியத்தில் அல்மசேன், போர்த்துக்கீசில் அர்மசேம். இத்தாலியர்களுக்கோ அரபு உறவு பெரும்பாலும் துறைமுக வணிகத்தோடு வந்தது; 'அல்' உதிர்ந்துவிட்டது. அங்கே மகட்சீனோ. இந்த வேறுபாடு இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. சர்க்கரைக்கு ஸ்பானியத்தில் அசூக்கர், இத்தாலியத்தில் சுக்கெரோ. பருத்திக்கு ஸ்பானியத்தில் அல்கொதோன், இத்தாலியத்தில் கொத்தோனே. தலையில் 'அல்' இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே, சொல் எந்த வாசலில் வந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அசூக்கரில் 'ல்' மறைந்து 'அ' மட்டும் நிற்கிறது, அவ்வளவுதான். பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், டச்சு எல்லாம் 'அல்' இல்லாத வடிவத்தின் வழி வந்தவை.

கிடங்கு எப்படிக் கடையானது? பிரெஞ்சில் மகஸான் முதலில் சரக்குக் கிடங்கு மட்டுமே. வணிகர் சரக்கை இறக்கி வைத்த கட்டடத்திலேயே விற்கவும் தொடங்க, சேமிக்கும் இடத்தின் பெயர் விற்கும் இடத்துக்கும் ஒட்டிக்கொண்டது. சின்னக் கடைக்கு 'பூத்தீக்' என்ற சொல் ஏற்கெனவே இருந்ததால், மகஸான் என்பதற்குப் பெரிய கடை என்ற மதிப்பும் சேர்ந்தது. பாரிஸின் போன் மார்ஷே கடையில் அரிஸ்டீட் பூசிக்கோ 1852இல் பங்குதாரராகச் சேர்ந்து, பேரம் இல்லாத நிலையான விலை, பல துறைப் பொருள்கள் ஒரே கூரையின்கீழ் என்று வளர்த்தெடுத்த பிறகு, 'கிரான் மகஸான்' என்பது பேரங்காடிக்குப் பொதுப்பெயராகிவிட்டது. பழைய பொருள் 'எம்மகஸினே' என்ற வினையில் இன்னும் இருக்கிறது: சேர்த்து வைத்தல். கியூபெக்கில் 'மகஸினே' என்றால் கடைக்குப் போய்ப் பொருள் வாங்குதல். பிரான்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

ரஷ்யம், பல்கேரியம், ருமேனியம், துருக்கியம் ஆகியவற்றில் இன்று கடை என்ற பொருளே நிற்கிறது. ரஷ்யத்தில் பழைய பொருளும் ஒரு காலத்தில் இருந்தது: ஜார் ஆட்சியில் பஞ்ச காலத்துக்கெனத் தானியம் சேர்த்து வைத்த ஊர்க் களஞ்சியங்களை மகசீன் என்றே அழைத்தார்கள். அங்காடியைக் குறிக்கும் 'உனிவெர்மாக்' என்ற சொல்லின் கடைசித் துண்டு இந்த மகசீனின் தலைதான். கிரேக்கத்தில் மகசீ, கடை. போலந்திலும் செர்பியாவிலும் கிடங்கு. அர்ஜென்டினாவில் அல்மசேன் என்றால் தெருமுனை மளிகைக் கடை. ஸ்பெயினில் அதே சொல் கிடங்கு, பன்மையில் 'கிராண்டெஸ் அல்மசேனெஸ்' என்றால் பேரங்காடி. பிரேசிலின் பெரிய சில்லறை நிறுவனம் ஒன்றின் பெயர் மகசீன் லூயிசா. அது இதழ் நடத்தவில்லை. குளிர்பதனப் பெட்டியும் கைப்பேசியும் விற்கிறது.

ஆங்கிலம் வேறு பக்கம் போனது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சிலிருந்து எடுத்தபோது கிடங்கு என்ற பொருளில்தான் எடுத்தார்கள். விரைவிலேயே அது படைத்துறைக்குள் சுருங்கியது: வெடிமருந்து, குண்டு, துப்பாக்கி வைக்கும் இடம். 1687 செப்டம்பர் 26 அன்று ஏதென்ஸின் பார்த்தனான் கோயில் சிதறியது இப்படிப்பட்ட மேகசின் வெடித்துத்தான். துருக்கியர் உள்ளே வெடிமருந்து வைத்திருந்தார்கள், வெனிஸ் படையின் குண்டு அதில் விழுந்தது. 1857 மே 11 அன்று டெல்லியில் ஆங்கிலேயர் தாங்களே கொளுத்திவிட்ட 'டெல்லி மேகசின்' இன்னொன்று. அதன் வாயில் வளைவுகள் காஷ்மீர் கேட் அருகே இன்றும் நிற்கின்றன. வரலாற்று நூல்களை மொழிபெயர்ப்பவர் இந்த இடத்தில் தடுக்கி விழுந்தால், டெல்லியில் ஒரு பத்திரிகை அலுவலகத்தைக் கொளுத்தியதாக ஆகிவிடும்.

வெடிமருந்துக் கிடங்கிலிருந்து வாசிக்கும் தாளுக்கு எப்படித் தாவியது என்பதற்கு விடை கையில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டிலேயே சில ஆங்கில நூல்கள் தம்மைத் 'தகவல் கிடங்கு' என்ற பொருளில் மேகசின் என்று அழைத்துக்கொண்டன. 1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் என்பவர் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' என்ற மாத வெளியீட்டைத் தொடங்கினார். ஊரில் வரும் பல தாள்களிலிருந்து நல்லவற்றைத் திரட்டி, கிடங்கில் சேர்ப்பதுபோல் ஒரே இடத்தில் தருவதே நோக்கம் என்று அவரே எழுதினார். உவமையாக வந்த பெயர், மற்றவர்களும் எடுத்துக்கொள்ள, வகைப்பெயராயிற்று. கேவின் இதழில் எழுதிப் பிழைத்தவர்களில் ஒருவர் சாமுவேல் ஜான்சன். 1755இல் அவர் வெளியிட்ட அகராதியில் மேகசினுக்கு முதல் பொருள் கிடங்கு. அண்மைக் காலத்தில் பல்வகைச் செய்திகள் அடங்கிய வெளியீட்டையும் குறிக்கிறது, அது கேவின் இதழால் வந்தது என்பது அடுத்த பொருள். ஒரு சொல் பொருள் மாறிய கதையைக் கண்ணால் கண்டவரே அகராதியில் எழுதி வைப்பது அபூர்வம்.

ஸ்பானியம், இத்தாலியம், போர்த்துக்கீசு ஆகியவை இதழுக்கு 'ரெவிஸ்தா', 'ரிவிஸ்தா' என்று வேறு சொல் வைத்துக்கொண்டன. ரஷ்யம் 'ஜுர்னால்' என்கிறது. பிரெஞ்சு செய்ததுதான் வேடிக்கை: தான் கொடுத்த சொல்லையே ஆங்கிலத்திடமிருந்து இதழ் என்ற பொருளில் திரும்ப வாங்கிக்கொண்டது. இப்போது அங்கே கடைக்கு 'மகஸான்', இதழுக்கு 'மகஸீன்'. எழுத்தில் வேறுபாடு இரண்டுதான்: இதழுக்கான சொல்லில் நடுவே 'எஸ்' எழுத்துக்குப் பதில் 'இஸட்', கடைசியில் ஒரு 'இ'; பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் அவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

இயந்திரங்களுக்குள் போன பொருள் தனிக்கிளை. வரிசையாக அடுக்கி வைத்து, வேண்டும்போது ஒவ்வொன்றாக வெளியே தள்ளும் பெட்டி எதுவாயினும் மேகசின். துப்பாக்கியில் அது தோட்டாக்களைத் தாங்கும் கூடு. அடியில் இருக்கும் சுருள்வில் தோட்டாக்களை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். இதைக் 'கிளிப்' என்று சொல்வது பரவலான பிழை. கிளிப் என்பது தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகப் பட்டை மட்டுமே. நம் போலீசாரிடம் வெகுகாலம் இருந்த லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் மேகசின் பத்துத் தோட்டா கொள்ளும். அதை நிரப்ப ஐந்து ஐந்தாக இரண்டு பட்டைகள் வேண்டும்.

படச்சுருள் காலத்துச் சினிமாக் கேமராவின் மேகசினில் ஒளி புகாத இரு அறைகள். ஒன்றிலிருந்து சுருள் ஓடி, மற்றதில் சுற்றிக்கொள்ளும். 35 மி.மீ. சுருளில் ஆயிரம் அடி மேகசின் ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும், நானூறு அடி நாலரை நிமிடம்கூட வராது. கறுப்புப் பைக்குள் கையை விட்டுத் தடவித்தான் சுருளை ஏற்ற வேண்டும். மூடி சரியாக உட்காராவிட்டால் ஒளி கசிந்து, எடுத்த காட்சியின் ஓரமெல்லாம் வெளுத்துப் போகும். கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரப் பட்டறையில் டூல் மேகசின் என்பது இருபது, இருபத்து நான்கு வெட்டும் கருவிகளைச் சுழல்தட்டில் வைத்திருக்கும் பகுதி. எந்தக் குழியில் எந்தக் கருவி என்று கணினியில் பதிந்ததும், உண்மையில் செருகியிருப்பதும் மாறிப்போனால், துளை போட வேண்டிய இடத்தில் வேறு கருவி வந்து வேலையையும் உடைத்துத் தன்னையும் உடைத்துக்கொள்ளும்.

இனி தமிழ் நிகர். 'தமிழ் மேகசின்' என்ற பெயரிலேயே 1831இல் சென்னையில் கிறித்துவ அமைப்பு ஒன்று வெளியீடு கொண்டுவந்தது. முதல் தமிழ் இதழ் என்று இதழியல் வரலாறுகள் பலவும் இதையே குறிக்கின்றன. பிறகு வந்த 'பத்திரிகை', 'சஞ்சிகை', 'இதழ்' மூன்றும் நிலைத்தன. தமிழ்நாட்டில் இதழ், இலங்கையில் சஞ்சிகை என்று பழக்கம் பிரிந்திருக்கிறது, இரண்டும் சரியே. பத்திரம் இலை, இதழ் பூவின் மடல். எழுதும் தாளுக்கு ஆகி வந்த பெயர்கள் இவை. கேவ் பயன்படுத்திய கிடங்கு உவமை தமிழில் வேறொரு வகை நூலுக்குப் போனது: பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த 'கலைக்களஞ்சியம்'. களஞ்சியம் என்பது நெல் சேர்க்கும் இடம்.

வெடிபொருள் வைக்கும் கட்டடத்துக்கு 'வெடிமருந்துக் கிடங்கு' என்பதே சரியான தமிழ். சிவகங்கைக் குயிலி பற்றி வழங்கும் கதையில் மக்கள் சொல்வதும் இதே சொல்தான். கல்குவாரிக்காரர்களும் பட்டாசு ஆலைக்காரர்களும் பேச்சில் மேகசின் என்பார்கள், ஏனென்றால் உரிமத் தாளில் அப்படித்தான் இருக்கிறது. வெடிபொருளையும் டெட்டனேட்டரையும் ஒரே அறையில் வைக்கக் கூடாது என்பதால் ஒரே உரிமத்தில் இரண்டு அறைகள் வரும். அறிவிப்புப் பலகை எழுதுபவர் 'மேகசின் 1, மேகசின் 2' என்று விடாமல் 'வெடிமருந்துக் கிடங்கு', 'டெட்டனேட்டர் அறை' என்று எழுதினால் புதிதாக வேலைக்கு வந்தவருக்கும் புரியும்.

கிடங்கு என்ற சொல்லும் ஊர் சுற்றியதுதான். சங்கத் தமிழில் அதற்கு அகழி, பள்ளம் என்றும் பொருள் உண்டு. சரக்கறை என்ற பொருளில் தமிழும் தெலுங்கும் வழங்கிய இச்சொல்லே மலாய் மொழியின் 'குடாங்' ஆகி, ஐரோப்பிய வணிகர் வாயில் 'கோடவுன்' ஆகி, 'குடோன்' என்று நம்மிடமே திரும்பி வந்தது என்பது பெரும்பாலான சொல்லாய்வாளர் கருத்து. அப்படி இருக்க, குடோனுக்குத் தமிழ் தேடி அலைய வேண்டியதில்லை.

துப்பாக்கிப் பகுதிக்கு இலங்கைத் தமிழில் அருமையான சொல் புழக்கத்திலேயே இருக்கிறது: ரவைக்கூடு. ரவை என்றால் அங்கே தோட்டா. தமிழ்நாட்டில் ரவை என்றதும் உப்புமா நினைவு வரும் என்பதால் 'தோட்டாக்கூடு' என்று எழுதலாம். 'தோட்டா உறை' வேண்டாம். சுட்ட பின் வெளியே விழும் வெற்றுக் குழலோடு குழம்பும். டூல் மேகசினுக்குக் 'கருவி அடுக்கு' போதும், முதல் முறை வரும்போது பட்டறைச் சொல்லையும் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். ஜெர்மன் நூலகத்து மகட்சீனுக்கு 'நூல் இருப்பறை'. பிரெஞ்சு மகஸானுக்குக் கடை, கிரான் மகஸானுக்குப் பேரங்காடி. கொழும்பு மகசின் சிறைச்சாலை போன்ற இடப்பெயர்களை மட்டும் மொழிபெயர்க்காமல், அந்த ஊர்ச் செய்தித்தாள் எழுதும் எழுத்துக்கூட்டலிலேயே விட்டுவிட வேண்டும்: மேகசின் அல்ல, மகசின்.