இசட்-ஸ்கேன்: வருடலா, அலகிடலா?

லேசர் கற்றையின் குவியத்தினூடே மாதிரியை நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் ஊடுருவி வரும் ஒளியை அளந்து, அதன் நேரிலா ஒளிப்பண்பை, அதாவது ஒளியின் செறிவுக்கேற்ப மாறும் பண்பை, கணக்கிடும் முறை இசட்-ஸ்கேன். 'இசட்' என்பது கற்றை செல்லும் அச்சு. மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் மன்சூர் ஷேக்-பஹாய் குழுவினர் 1989இல் வெளியிட்டது.

'ஸ்கேன்' லத்தீனில் ஏறுதலைக் குறிக்கும் 'ஸ்காண்டெரே'யிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் முதலில் அது செய்யுளைச் சீர்சீராகப் பிரித்தளப்பதைக் குறித்தது. நம் யாப்பில் அலகிடுதல். கணினித் தமிழின் 'வருடல்' இங்கே ஒட்டாது. கற்றை எதையும் தடவிச் செல்வதில்லை. அது நின்றபடி நிற்க, மாதிரிதான் நகர்கிறது. 'அச்சுவழி அலகிடல்' என்றால் செய்வதும் சொல்வதும் ஒன்றாகும்.

கண்ணாடிமேல் தங்க நானோ துகள்கள் படிந்த படலத்துக்குப் பெரும்பாலும் 532 நானோமீட்டர் பச்சை லேசர். தங்கத் துகளின் பிளாஸ்மான் ஒத்ததிர்வு (மின்னணுக்கள் ஒளியோடு சேர்ந்து அதிர்வது) 520 நானோமீட்டரை ஒட்டி வருவதே காரணம். குவியத்தில் கற்றையின் ஆரம் 30 மைக்ரோமீட்டர் என்றால் ராலே நீளம் (குவியத்திலிருந்து கற்றையின் குறுக்குப் பரப்பு இரு மடங்காகும் தூரம்) சுமார் 5.3 மி.மீ. குவியத்தின் இருபுறமும் 25 மி.மீ. நகர்த்த இடம் வேண்டும். ஓரங்களில் 1 மி.மீ. படி போதும், குவியத்தருகே அரை மி.மீ.

ஒளியுணரியின் முன் துளைத்தட்டு இல்லையென்றால் வரைபடம் உட்கவர்தலை மட்டும் காட்டும். குவியத்தில் மேடு வந்தால் உட்கவர்தல் நிறைவுற்றுத் தேய்கிறது; பள்ளம் வந்தால் ஒளி கூடக்கூட உட்கவர்தலும் கூடுகிறது. துளைத்தட்டை வைத்தால் ஒளிவிலகலும் சேரும்: பள்ளம் முன், மேடு பின் என்றால் நேரிலா ஒளிவிலகல் நேர்க்குறி, மாறி வந்தால் எதிர்க்குறி. இரண்டுக்கும் இடைவெளி ராலே நீளத்தின் 1.7 மடங்கு, இங்கே 9 மி.மீ. அதைவிட வெகுவாக விரிந்தால் சூடேற்றத்தைச் சந்தேகியுங்கள். தொடர் லேசரிலும் துடிப்புகள் நெருங்கி வரும் லேசரிலும் படலம் சூடாகி லென்ஸ் போல ஒளியை வளைக்கும். சூட்டால் வந்த அந்த எண்ணை மின்னணுக்களின் பண்பாக எழுதிவிடுகிறார்கள்.

அதே இடத்தில் மறுமுறை அலகிடுங்கள். இரு வரைகோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியாவிட்டால் துகள்கள் உருகி வடிவம் மாறியிருக்கும். ஆற்றலைக் குறைத்து வேறு இடத்தில் தொடங்க வேண்டும். படலம் இல்லாத வெறுங்கண்ணாடியையும் அளந்து கழிக்க வேண்டும்.

வெள்ளிப் படலம் என்றால் நம் கடற்கரைக் காற்றே பகை. உப்பும் கந்தகமும் துகளின் மேற்பரப்பைத் தின்ன, 400 நானோமீட்டரை ஒட்டிய உட்கவர் முகடு தாழ்ந்து அகலும். சிலிக்கா ஜெல் இட்ட மூடிய கலத்தில் வைத்து, அலகிடும் அன்றே உட்கவர் நிறமாலையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.