“வேணும்னே இடிச்சான் டீச்சர்!”

இடைவேளை முடிந்து பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குள் நுழைகிறார்கள். பின்னால் வருபவனின் முழங்கை முன்னால் நிற்பவன் முதுகில் படுகிறது. அவன் திரும்பிய வேகத்திலேயே ஓர் அடி விழுகிறது. ஆசிரியர் ஓடிப் போய் விலக்கினால் இரண்டு வாக்கியங்கள் கிடைக்கும். “வேணும்னே இடிச்சான் டீச்சர்!” “இல்ல டீச்சர், தெரியாம பட்டுடுச்சு!”

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. முழங்கை பட்டது உடம்புக்குத் தெரிந்தது. அதன் பின்னால் இருந்த எண்ணம் யார் கண்ணுக்கும் தெரியாது. அதை மூளை ஊகிக்க வேண்டும், அதுவும் நொடிப்பொழுதில்.

அந்த ஊகம் சிறு வயதில் எளிதில் வருவதில்லை. சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜே குழந்தைகளிடம் இரண்டு கதைகள் சொன்னதை 1932-இல் வெளியான நூலில் எழுதினார். ஒரு பையன் கதவைத் திறக்கிறான், பின்னால் இருந்த 15 கோப்பைகள் அவன் அறியாமலே உடைகின்றன. இன்னொருவன் ஜாமைத் திருடப் போய் ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் செய்தது பெரிய தப்பு? சிறியவர்களில் பலர் 15 கோப்பை உடைத்தவனைக் காட்டினார்கள். வளர வளரத்தான் சேதத்தைவிட நோக்கம் முக்கியமாகிறது. நோக்கத்தைத் தெளிவாக எடுத்துச் சொன்னால் சிறியவர்களும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. ஆனால் வரிசையில் இடிபடும்போது யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

1980-இல் அமெரிக்க உளவியலாளர் கென்னத் டாட்ஜ் இதை இன்னும் கூர்மையாகச் சோதித்தார். ஒரு பையன் பாதி அடுக்கி வைத்த புதிர்ப்படத்தைப் பக்கத்து அறையில் வேறொரு பையன் கலைத்துவிட்டதாக நம்ப வைத்தார். சிலருக்கு அந்த அறையிலிருந்து கேட்ட குரலில் கெட்ட எண்ணம் தெளிவாகத் தெரிந்தது. சிலருக்கு உதவப் போய்த் தவறியது புரிந்தது. மற்றவர்களுக்கு இரண்டில் எது என்று பிடிபடாதபடி இருந்தது. முதல் இரண்டு நிலைகளில், அடிக்கடி கைநீட்டும் பையன்களும் மற்றவர்களும் ஒரே மாதிரி நடந்துகொண்டார்கள். பிடிபடாத நிலையில் மட்டும் பிரிந்தார்கள். கைநீட்டுபவர்கள் அதை ‘வேணும்னே’ என்றே எடுத்துக்கொண்டு பதிலடி கொடுத்தார்கள்.

அதாவது, கோபக்காரப் பிள்ளைக்குக் குறைவது அடக்கம் மட்டுமல்ல. ‘தெரியல’ என்ற ஓர் இடம் அதன் மனத்தில் இன்னும் உருவாகவில்லை.

அந்த இடம் ஏன் உருவாவதில்லை? ஒரு காரணம் அடி. டாட்ஜும் உடன் பணியாற்றியவர்களும் 1990-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளான சிறு குழந்தைகள் மற்றவர் செயலில் பகையை முந்திக்கொண்டு பார்த்தார்கள். அடி எப்போது விழும் என்று தெரியாத இடத்தில் வளரும் மூளைக்கு அப்படிப் பார்ப்பது பாதுகாப்பு. அதே பிள்ளை பள்ளிக்கு வந்து அங்கேயும் அடி வாங்கினால் அந்த ஊகம் சரிதான் என்று உறுதியாகிவிடும். கல்வி உரிமைச் சட்டம், 2009 தன் 17-ஆம் பிரிவில் அடிப்பதையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், அறிவியல் மட்டுமே அதற்குப் போதுமான காரணம் தருகிறது.

சரி, எப்படிக் கற்றுக்கொடுப்பது? சண்டை நடக்கும்போது நிச்சயம் முடியாது. அந்த நேரத்தில் மூளையில் அமிக்டலா என்ற பகுதி அபாய மணி அடிக்கிறது, அட்ரினலின் என்ற சுரப்பு பாய்கிறது, இதயம் வேகமெடுக்கிறது. நிறுத்தி யோசிக்கும் வேலையைப் பார்க்கும் முன்மூளைப் பகுதி 20 வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருப்பது. 7 வயதில் அதனால் இந்த வெள்ளத்தைத் தடுக்க முடியாது. கார்ட்டிசால் என்ற அழுத்தச் சுரப்பு உச்சத்தைத் தொடவே சுமார் 20 நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். அதனால்தான் அடங்கிவிட்டான் என்று நினைத்த பையன் பத்து நிமிடம் கழித்துப் பென்சில் முறிந்ததற்கெல்லாம் மறுபடி வெடிக்கிறான்.

ஆகவே சம்பவ நேரத்தில் ஆசிரியர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இருவரையும் கைக்கு எட்டாத தூரத்துக்குப் பிரிக்க வேண்டும். குழந்தையின் கண் மட்டத்துக்குக் குனிந்து, “கோபமா இருக்க. நீ சொல்றத நான் கேக்குறேன். மொதல்ல மூச்சு விடு” என்றால் போதும். “ஏன் அடிச்ச?” என்று கேட்கவே வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய பகுதிதான் இப்போது செயல்படவில்லை. மூக்கு வழியாக 3 எண்ணி மூச்சை இழுத்து, வாய் வழியாக 5 எண்ணி விட வேண்டும். ஐந்து முறை செய்ய 40 நொடி ஆகும். வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. பலரும் “நல்லா இழு, இழு” என்று இழுக்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பலன் மூச்சை விடுவதில் இருக்கிறது. இந்த மூச்சைக் காலை வணக்கத்துக்குப் பிறகு தினமும் பழக்கியிருந்தால்தான் கோபத்தில் கை கொடுக்கும்.

உண்மையான பாடம் மனம் அமைதியாக இருக்கும் வேளையில் நடக்க வேண்டும். வாரம் மூன்று நாள், பத்துப் பத்து நிமிடம் போதும். கரும்பலகையில் மூன்று கட்டம் போடுங்கள்: வேணும்னே, தெரியாம, தெரியல. பன்னிரண்டு சிறு காட்சிகளை அட்டைகளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘தண்ணிக் குழாயிடம் யாரோ உன் காலை மிதித்தார்கள்’, ‘உன் ரப்பர் அவள் டப்பாவில் இருக்கிறது’, ‘விளையாட்டுக்கு உன்னைக் கூப்பிடவில்லை’, ‘உன்னைப் பார்த்துச் சிரித்தபடி நோட்டைக் கிழித்தான்’. ஒரு நாளைக்கு மூன்று அட்டைகளுக்கு மேல் வேண்டாம். இரண்டு பேர் காட்சியை நடித்துக் காட்டட்டும், மற்றவர்கள் எந்தக் கட்டம் என்று சொல்லட்டும். பிறகு கேளுங்கள்: “முகம் எப்படி இருந்துச்சு? வேற என்ன காரணமா இருக்கலாம்? ‘தெரியல’ன்னா, தெரிஞ்சுக்க என்ன கேக்கலாம்?” கடைசிக் கேள்விக்கு “ஏய், பாத்து வந்தியா?” போன்ற பதில்களைப் பிள்ளைகளே அவர்கள் பேச்சில் தருவார்கள். அதையே நடித்துப் பழகட்டும்.

முதல் வாரத்தில் எல்லா அட்டையும் ‘வேணும்னே’ கட்டத்துக்குப் போகும். திருத்த வேண்டாம். ஒரே காட்சியை வேறு முகபாவத்தோடு மறுபடி நடிக்க வைத்தால் அட்டை தானாக இடம் மாறும்.

இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை உண்டு. அட்டைகளில் நிஜமான ‘வேணும்னே’ காட்சிகள் நான்கில் ஒன்றாவது இருக்க வேண்டும். எல்லாமே தெரியாமல் நடந்ததுதான் என்று சொல்லிப் பழக்கினால், தினமும் சீண்டப்படும் பிள்ளை தன் அனுபவத்தையே சந்தேகிக்கத் தொடங்கும். அது நாம் செய்யும் துரோகம். அந்தக் கட்டத்துக்கு உரிய பதிலையும் சேர்த்தே பழக்குங்கள்: உரக்க “நிறுத்து” என்று சொல்வது, அங்கிருந்து விலகுவது, ஆசிரியரிடம் சொல்வது. சிக்கலில் மாட்டிவிடச் சொல்வதுதான் கோள், பாதுகாப்புக்காகச் சொல்வது கோள் ஆகாது என்று பலமுறை விளக்க வேண்டியிருக்கும்.

இடித்தவனுக்கும் பாடம் உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கும் “சாரி” வேலை செய்வதில்லை. பட்ட உடனேயே “ஐயோ, பாக்கல. வலிக்குதா?” என்று சொன்னால், அடுத்தவன் ஊகிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

டாட்ஜின் 1980 ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. முரடன் என்று பெயர் வாங்கிய பையன் செய்தது எப்படிப்பட்டது என்று தெளிவாகத் தெரியாதபோது, வகுப்பினர் அதைக் கெட்ட எண்ணத்தோடு செய்ததாகவே எடுத்துக்கொண்டார்கள். அவன் நிஜமாகவே தெரியாமல் இடித்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். ஆசிரியர் வாயிலிருந்து “மறுபடி நீதானா?” என்று ஒரு முறை வந்தாலே இந்தப் பெயர் கெட்டியாகிவிடும். அவனுக்கு நோட்டுகளை விநியோகிக்கும் பொறுப்பு, சிறிய வகுப்புப் பிள்ளையைக் கைபிடித்து அழைத்துப்போகும் வேலை என்று, வகுப்பே பார்க்கும்படி நல்ல காரியங்கள் கொடுங்கள். மாற்ற வேண்டியது அவனை மட்டுமல்ல, அவனைப் பார்க்கும் முப்பது ஜோடிக் கண்களையும்தான்.

கூடவே ஒரு சிறு நோட்டில் ஒவ்வொரு சண்டைக்கும் நேரம், இடம், யார் யார் என்று ஒரு வரி எழுதி வாருங்கள். நான்கு வாரத்தில் ஏதாவது ஓர் ஒழுங்கு தென்படலாம். எல்லாம் ஒரே குறுகிய கதவருகே நடந்திருந்தால், முதலில் வரிசை வரிசையாக உள்ளே விடுங்கள். மதிய உணவுக்கு முந்தைய பாடவேளையிலேயே வெடிக்கும் பிள்ளையிடம், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று தனியாகக் கேளுங்கள்.