மிச்சமான கப்பி மீனை ஓடையில் விடாதீர்கள்

மழைக்காலம் வந்துவிட்டால் கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளை எட்டிப் பார்ப்பது சுகாதார ஆய்வாளரான என் வேலை. கொசுப்புழு நெளியும் தொட்டியில் கப்பி மீன் விடுவோம். புழுவை நன்றாகவே தின்னும். மீன் பெருகி மிச்சமாகும்போதுதான் சிக்கல். "சாகடிக்க மனசு வரல சார், ஓடையில விட்டுட்டேன்" என்கிறார்கள். நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் செய்யக் கூடாதது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஓடும் தண்ணீரைத் தேடிப் போவதில்லை. சிமென்ட் தொட்டி, டிரம், பழைய டயர், சிரட்டை என்று வீட்டைச் சுற்றித் தேங்கும் தண்ணீர்தான் அதற்கு வேண்டும். ஓடையில் விட்ட கப்பியால் டெங்கு குறையப் போவதில்லை.

கெடுதல்தான் மிச்சம். கப்பிக்குச் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் வடபகுதியும் டிரினிடாட் தீவும். ஒரு பெண் மீனைக் கண்ணாடி டம்ளரில் அள்ளிப் பாருங்கள். வயிற்றின் பின்முனையில் கருப்பாக ஒரு திட்டு தெரியும். கப்பி முட்டையிடாது, குட்டி போடும். ஈனும் நாள் நெருங்க நெருங்க அந்தத் திட்டு பெரிதாகும். ஏறக்குறைய மாதம் ஒரு ஈற்று. ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் விந்தணுவை மாதக்கணக்கில் உடலில் வைத்திருந்து, ஆண் துணை இல்லாமலே அடுத்தடுத்து ஈனும். வாளியிலிருந்து தப்பிய ஒரே ஒரு பெண் மீன் போதும், ஒரு மடுவே நிரம்பிவிடும். தன் குட்டியையே தின்கிற மீன் அயிரைக் குஞ்சையும் கெண்டைக் குஞ்சையும் விட்டுவைக்குமா? கப்பியைப் போலவே கொசு ஒழிக்கவென்று 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீன் தவளையின் தலைப்பிரட்டைகளையும் தின்கிறது.

கொடைக்கானல் உச்சியின் குளிர் கப்பிக்கு ஆகாது. கீழ்மலைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும். இங்கிருந்து இறங்கும் ஓடைகள் மருதாநதி வழியாக அய்யம்பாளையம் அணைக்குப் போகின்றன. அவ்வளவு தூரம் பரவியதைப் பிடித்து ஒழிக்க முடியாது.

சரி, மிச்ச மீனை என்ன செய்யலாம்? எங்களிடமே திருப்பிக் கொடுங்கள். தொட்டி கழுவும்போது கொசுவலைத் துணியில் வடிகட்டிவிட்டுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், சாக்கடையில் வேண்டாம். மழையில் நிரம்பி வழியும் தொட்டியில் மீனே விடாதீர்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட அன்றும் கூடாது, செத்து மிதக்கும்.

அப்புறம், மீன் இருக்கிறதே என்று தொட்டியைத் தேய்க்காமல் விடாதீர்கள். ஏடிஸ் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும். தண்ணீர் பட்டுப் பொரித்தால் ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். அதனால் வாரம் ஒருநாள் தொட்டியைக் காலி செய்து, தேங்காய் நாரால் சுவரை அழுத்தித் தேய்த்து, துணி கட்டி மூடுங்கள். அப்படிச் செய்கிற வீட்டில் நான் மீன் விடுவதே இல்லை.