காந்தம் ஒட்டாத கதவு

அல்சூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு டிங்கர் பட்டறை இருக்கிறது. சின்ன வயதில் வேலூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூர் வந்து, அன்றிலிருந்து தகரமும் சுத்தியலுமாகவே வாழ்ந்துவிட்ட பெரியவர் ஒருவர் அதை நடத்துகிறார். போன மாதம் அங்கே சிவப்பு ஜாகுவார் எக்ஸ்கே 120 ஒன்று வந்து நின்றது. 1951-ம் வருஷத்து வண்டி. அதை வாங்க நினைத்தவர், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பெரியவர் ஒரு பார்வை பார்த்துவிடட்டும் என்று கொண்டுவந்திருந்தார். வாங்க வந்தவர் கையில் ஒரு காந்தம். மட்கார்டில் வைத்தார், ஒட்டியது. கதவில் வைத்தார், நழுவித் தரையில் விழுந்தது.

"கதவு முழுக்கப் பட்டிதானாய்யா?" என்றார், முகம் வாடி. காந்தம் ஒட்டாவிட்டால், தகட்டின் பள்ளத்தை மறைக்கப் பட்டி என்ற பசையைக் கனமாக நிரப்பியிருக்கிறார்கள் என்பது அவர் கணக்கு.

"அந்தக் கதவு அலுமினியம் தம்பி. ஒட்டியிருந்தாத்தான் நீங்க கவலைப்படணும்" என்றார் பெரியவர்.

எக்ஸ்கே 120 முதன்முதலில் 1948 லண்டன் மோட்டார் கண்காட்சியில் நின்றபோது, அதை அதிகம் தயாரிக்கும் எண்ணம் ஜாகுவாருக்கு இல்லை. 3.4 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் இரண்டு கேம்ஷாஃப்ட். மணிக்கு 120 மைல் போகும் என்பதுதான் பெயருக்கே காரணம். முதலில் வந்த 240-க்கும் அதிகமான வண்டிகளை, மரச்சட்டத்தின் மீது அலுமினியத் தகடு அடித்துக் கையால் செய்தார்கள். ஆர்டர் குவிந்ததும் 1950-ல் இரும்புத் தகட்டு உடலுக்கு மாறினார்கள். ஆனால் இரும்பு வண்டியிலும் கதவு, பானெட், டிக்கி மூடி மூன்றும் அலுமினியமாகவே தொடர்ந்தன. 1954 வரை மொத்தம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் வண்டிகள். ஆக, காந்தம் சொல்வதைப் புரிந்துகொள்ளவே அந்த வண்டி எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே இரண்டு கேள்விகளைப் பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். வேலை எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. வண்டியில் எவ்வளவு அசல் மிச்சம் இருக்கிறது என்பது வேறு. அருமையாகப் புதுப்பித்த வண்டியில் அசல் சரக்கு கால்வாசிகூட இல்லாமல் போகலாம். மங்கிப்போய் நிற்கும் வண்டி முழுக்க முழுக்க அசலாக இருக்கலாம். முதல் கேள்விக்குக் கண்ணே போதும். இரண்டாவதற்கு உலோகத்தையும் பெயின்ட்டையும் விசாரித்தாக வேண்டும்.

பெயின்ட் மீட்டர் என்ற சின்னக் கருவி இதற்கு உதவுகிறது. அதன் முனையில் ஒரு கம்பிச்சுருள். இரும்புத் தகட்டில் வைத்தால் சுருளின் காந்தப்புலம் வலுப்படும். நடுவில் பெயின்ட் இருந்தால் அந்த இடைவெளிக்கு ஏற்ப வலு குறையும். அந்தக் குறைவைத்தான் மைக்ரானாக, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்காக, மாற்றிக் காட்டுகிறது. அலுமினியத்தில் இந்த வழி வேலை செய்யாது. அங்கே வேகமாகத் திசை மாறும் மின்சாரத்தைச் சுருளில் செலுத்தினால், தகட்டுக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, சுருளின் புலத்தை எதிர்க்கும். எதிர்ப்பு குறையக் குறைய மேலே பூச்சு கனம் என்று அர்த்தம். தலைமுடி ஒன்றின் பருமன் சுமார் 70 மைக்ரான். பெயின்ட் சில நூறு மைக்ரான்வரை வரலாம். 1,000-ஐத் தாண்டினால் அடியில் வேறு ஏதோ நிரப்பியிருக்கிறார்கள்.

அந்த 'வேறு ஏதோ' எல்லா நேரமும் குற்றம் ஆகிவிடாது. எக்ஸ்கே 120-ல் தகடும் தகடும் சேரும் இடங்களைத் தொழிற்சாலையிலேயே ஈயத்தால் நிரப்பி மட்டப்படுத்தினார்கள். இந்த வேலைக்கான கலவையில் வழக்கமாக ஈயம் 70 பங்கு, வெள்ளீயம் 30 பங்கு. இது 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். முழுக்க நீராவது ஏறக்குறைய 255 டிகிரியில். நடுவில் இருக்கும் எழுபது டிகிரியில் அது சப்பாத்தி மாவுபோலக் குழைந்து நிற்கும். அந்த நேரத்தில் மரத்தட்டால் தடவித் தடவி வளைவைக் கொண்டுவருவார்கள். பட்டி வேறு ஜாதி: பாலியெஸ்டர் பிசினில் பெரும்பாலும் டால்க் தூள் கலந்தது. ஈரம் உறிஞ்சும், வெயிலில் தகட்டோடு ஒத்து விரியாது, நாளடைவில் விளிம்பில் கோடு விழும். மீட்டரைக் காந்த முறையில் மட்டும் வைத்துப் பார்த்தால் ஈயமும் பட்டியும் ஒன்றுதான், இரண்டுமே காந்தத்துக்கு வெற்றிடம். ஆனால் ஈயம் உலோகம். சுழல் மின்னோட்டம் அதில் ஓடும், பட்டியில் ஓடாது. பெரியவருக்கு மீட்டரே தேவைப்படவில்லை. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். ஒரு மட்கார்டின் அடிப்பகுதியில் 'தொப்'பென்று சத்தம் வந்ததும் நின்றார். பட்டி, அதுவும் கனமாக.

அப்புறம் அவர் செய்ததைத்தான் நான் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டேன். டிக்கிக்குள், யார் கண்ணுக்கும் படாத இரும்பு ஓரம் ஒன்றைப் பார்த்து, உரிமையாளரிடம் போனில் அனுமதி வாங்கிக்கொண்டார். மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாகத் தேய்த்தார். நடுவில் உலோகம் தெரியும்வரை, விளிம்பை நோக்கிப் போகப் போக லேசாக. இதில் எளிமையான கணக்கு ஒன்று இருக்கிறது. சரிவு ஐம்பதுக்கு ஒன்று என்றால், 50 மைக்ரான் பூச்சு 2.5 மில்லிமீட்டர் அகல வளையமாக விரிந்து தெரியும். மரத்தை அறுத்தால் வயது தெரிவதுபோல, வெளியிலிருந்து உள்ளே: பளபளக்கும் மேல்பூச்சு, சிவப்பு, சாம்பல் பிரைமர், சந்தன நிறம், காவி நிற ரெட் ஆக்சைடு, கடைசியாக வெளிர் பச்சை, அதற்கடியில் மெல்லிய சாம்பல், பிறகு தகடு. வண்டி பிறந்தபோது அது பச்சை.

அடுத்து பஞ்சில் தின்னர். மேலே இருந்த சிவப்பு அசையவில்லை. பச்சையைத் துடைத்ததும் பஞ்சு பச்சையானது. காரணம் வேதியியல். இன்று அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட்டில் ஹார்டனர் சேர்ந்ததும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. தின்னரால் பிரிக்க முடியாது. பழைய செல்லுலோஸ் பெயின்ட்டில் தின்னர் ஆவியாகிப் போவதுதான் காய்வது; மறுபடி தின்னர் பட்டால் மறுபடி கரையும். சந்தன நிறமும் கரைந்தது. நம் ஊர்ப் பட்டறைகளிலும் பல காலம் இதே வகை என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட்தான் ஓடியது. எனவே கரைந்ததை மட்டும் வைத்து அசல் என்று முடிவுகட்டக் கூடாது; தகட்டை ஒட்டிய முதல் நிறமாகவும் இருக்க வேண்டும்.

எண்களுக்கு வருவோம். பணம் புரளும் இடம் இதுதான், ஏமாற்றும் இங்கேதான் அதிகம். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் எண்ணை உளியால் குத்தும்போது பள்ளம் மட்டும் விழுவதில்லை. பள்ளத்துக்குக் கீழேயும் உலோகப் படிகங்கள் நசுங்கி இறுகிவிடுகின்றன. எண்ணை ராவி அழித்தாலும் அந்த இறுக்கம் உள்ளே மிச்சமிருக்கும். தடயவியல் கூடத்தில் மேற்பரப்பை மெருகேற்றி ஆசிட் கலவை தடவினால், நசுங்கிய உலோகம் மற்ற இடத்தைவிட வேறு வேகத்தில் அரிக்கப்பட்டு, அழிந்த எண் மங்கலாக எழுந்து வரும். சேசிஸ் இரும்பில் இது நன்றாக வேலை செய்கிறது. எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு. கிராஃபைட் துணுக்குகள் நிறைந்த அது நசுங்குவதைவிட நொறுங்கவே பார்க்கும், அதனால் ஆழத்தில் தடம் குறைவு. அங்கே எண்ணைச் சுற்றியுள்ள பரப்பைத்தான் படிக்க வேண்டும். தொழிற்சாலை இயந்திரம் இழைத்த வரிகள் எண்ணுக்கு இரு பக்கமும் ஒரே சீராக ஓடுகின்றனவா, அல்லது எண் இருக்கும் இடம் மட்டும் கிரைண்டர் பட்டதுபோல வழவழப்பாக இருக்கிறதா? எண்கள் சற்றே கோணல்மாணலாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். கையால் குத்திய காலம் அது.

எக்ஸ்கே எஞ்சினில் பிளாக்கிலும், அதன் மேல் மூடிபோல உட்காரும் சிலிண்டர் ஹெட்டிலும் ஒரே எண்ணைக் குத்தினார்கள். இந்த வண்டியில் இரண்டும் வேறு வேறாக இருந்தன. ஏதோ ஒரு காலத்தில் ஹெட் மாறியிருக்கிறது. நான் இதை மோசடியாக நினைக்கவில்லை. உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் வண்டியை ஓட்டுவதற்காகச் செய்ததாக இருக்கலாம். மாறிய ஹெட்டில் பழைய எண்ணைக் குத்தி மறைத்திருந்தால்தான் மோசடி.

சின்னப் பாகங்கள் பொய் சொல்வது அபூர்வம், அவற்றை மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை. லூகாஸ் மின்பாகங்கள் பலவற்றில் மாதமும் வருஷமும் குத்தியிருக்கும். அவை வண்டி தயாரான தேதிக்குக் கொஞ்சம் முந்தியதாக இருந்தால் நல்ல அடையாளம். நட்டு போல்ட்டெல்லாம் பெரும்பாலும் பி.எஸ்.எஃப்., விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவுகளில் இருக்க வேண்டும். மில்லிமீட்டர் கணக்கிலான பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானர் கச்சிதமாக உட்காரும் போல்ட் பிற்காலத்தது. துணி பின்னிய ஒயருக்குப் பதில் பிளாஸ்டிக் ஒயர் இருந்தால் வயரிங் மாறியிருக்கிறது. பாதுகாப்புக்காக மாற்றியிருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

வெல்டிங்கும் பேசும். தொழிற்சாலை ஸ்பாட் வெல்டிங் என்றால் சீரான இடைவெளியில் வட்டக் குழிகள். சி.ஓ.டூ வெல்டிங்கின் மேடான கோடு தெரிந்தால் பின்னாளில் தகடு வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். மும்பையில் ஓடிய வண்டி என்றால் கீழ்ப்பகுதியை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும்; கடல்காற்றின் உப்பு ஈரத்தை நல்ல மின்கடத்தியாக்கி, துருப்பிடிப்பதை வேகப்படுத்துகிறது. அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே அரிபடுவது அலுமினியம். பெயின்ட்டுக்கு அடியில் வெள்ளைத் தூளாகப் பொங்கும்.

கதவு இடைவெளி நூல் பிடித்ததுபோல இருந்தாலும், பெயின்ட் கண்ணாடிபோல இருந்தாலும் அசல் என்று எண்ணிவிட வேண்டாம். அன்றைய தொழிற்சாலை அவ்வளவு சுத்தமாகச் செய்யவே இல்லை. பிறந்ததைவிட அழகாக்கிவிட்ட வண்டியில் பிறந்த அடையாளம் போய்விடுகிறது, அதை எந்தப் பட்டறையாலும் திருப்பித் தர முடியாது. இது வெறும் ரசனை விஷயமும் இல்லை. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டி, அசல் வடிவம் மாறாமல், பெரிய மாற்றத்துக்கு உள்ளாகாமல் இருக்கும் வண்டிதான் 'விண்டேஜ்', அதற்கு 'வி.ஏ.' எழுத்து கொண்ட தனி எண் தருகிறார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய்.

அன்று மாலை வாங்குபவர் இங்கிலாந்தில் உள்ள ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட்டுக்கு விண்ணப்பம் அனுப்பினார். சேசிஸ், எஞ்சின், உடல், கியர்பாக்ஸ் எண்களும், தயாரான தேதியும், முதல் நிறமும் தொழிற்சாலைப் பதிவேட்டில் இருந்தபடி சான்றிதழாக வரும். பதில் வரும்வரை விலை பேசுவதில்லை என்று முடிவாகியிருக்கிறது. டிக்கி ஓரத்து நாணய வட்டத்தில் துரு ஏறாமலிருக்கப் பெரியவர் மெழுகு தடவி வைத்திருக்கிறார். பெயின்ட் அடித்து மூட வேண்டாம் என்று உரிமையாளரே சொல்லிவிட்டார்.