காபரே, கபரெட், அங்கத அரங்கு: முகாம் மேடைக்கு எந்தச் சொல் பொருந்தும்?

தமிழில் 'காபரே' என்றதும் பழைய படங்களின் விடுதிக் காட்சிதான் நினைவுக்கு வரும்: வில்லன், மதுக்கோப்பை, மேடையில் அரைகுறை உடையில் ஒரு நடனம். அந்த நினைப்போடு 'நாஜி முகாம்களில் யூதக் கைதிகள் காபரே நடத்தினார்கள்' என்ற வரியைப் படித்தால் முழுக்கத் தவறான படமே மனத்தில் எழும்.

சொல்லின் வேர் லத்தீன் 'காமெரா', அதாவது அறை. (நம் கையிலுள்ள கேமராவும் அதே வேரில் வந்ததுதான்.) 'சிறிய அறை' என்ற பொருளில் வடபிரான்சு வட்டார வழக்கில் தொடங்கி, டச்சு வழியாகப் பிரெஞ்சுக்கு வந்தபோது அது சாராயக்கடையைக் குறித்தது. 1881-இல் பாரிசின் மோன்மார்த்ரில் 'கறுப்புப் பூனை' என்ற கடை திறந்து, கவிஞர்களும் பாடகர்களும் அங்கே மேடையேறிய பிறகே இது ஒரு கலைவடிவத்தின் பெயராயிற்று. 1901-இல் பெர்லினுக்கு வந்தது. ஜெர்மனில் கடைசி எழுத்தை விழுங்காமல் 'கபரெட்' என்பார்கள். அங்கே அதன் உயிர் நடனத்தில் இல்லை. நாட்டு நடப்பைக் குத்திப் பாடும் பாட்டிலும் குறுநாடகத்திலும் இருந்தது. கைதிகள் முகாமுக்குள் கொண்டுபோனது இந்தக் கபரெட்டைத்தான்.

தமிழில் இதற்கு நேரான சொல் 'அங்கதம்'. தொல்காப்பியம் செய்யுளியல் இதைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாக்குகிறது. முன்னது வெளிப்படையான வசை. பின்னது சொல்லை மறைத்துச் சொல்லும் பழிப்பு. காவலர் பிடியில் இருப்பவருக்கு முன்னது முடியாது. பிராகுக்கு வடக்கே நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த ஊரான தெரேசியன்ஸ்டாட் (செக் மொழியில் தெரெசீன்) கெட்டோவில் 1944-இல் கரெல் ஷ்வெங்க் என்ற கைதி எழுதிய 'கடைசி சைக்கிள்காரன்' பழிகரப்புக்குச் சரியான எடுத்துக்காட்டு. மனநல விடுதியிலிருந்து தப்பியவர்கள் ஆட்சியைப் பிடித்து, எல்லாக் கேட்டுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களே காரணம் என்று வேட்டையாடுவதுதான் கதை. யூதர் என்ற சொல் வேண்டியதே இல்லை. ஆனால் மறைப்பு போதவில்லை. ஒத்திகையைப் பார்த்த யூத மூப்பர் குழுவே (நாஜிகளின் கீழ் கெட்டோவை நடத்திய கைதிகளின் நிர்வாகம்), நாஜிக் காவல்படையான எஸ்.எஸ்.-இன் பழிவாங்கலுக்கு அஞ்சி நாடகத்தைத் தடுத்துவிட்டது. அதே ஷ்வெங்கின் 'தெரெசீன் அணிநடைப் பாட்டு' தப்பியது. அவருடைய நிகழ்ச்சிகள் எல்லாம் அதில்தான் முடியும். கெட்டோவின் இடிபாடுகள்மேல் நின்று சிரிப்போம் என்பது அதன் முடிவு. போர் முடிவதற்குள், 1945-இல், அவர் இறந்தார்.

ஆகவே 'அங்கத அரங்கு' என்பதே என் தேர்வு. ஆனால் எல்லா முகாமுக்கும் இது ஒட்டாது. நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க்கில் மாக்ஸ் எர்லிக், வில்லி ரோசன் போன்ற பெர்லின் நட்சத்திரங்கள் நடத்தியதில் அரசியல் குத்தலுக்கு இடமே இல்லை. தளபதி கெம்மெக்கர் முன்வரிசையில் அமர்ந்திருப்பான். செவ்வாய்தோறும் கைதிகளை ஏற்றிக்கொண்டு கிழக்கே கொலை முகாம்களுக்கு ரயில் புறப்படும். மேடையில் இருக்கும்வரை கலைஞர் பெயர் அந்த ரயிலுக்கான பட்டியலில் தள்ளிப்போகும். அதைப் 'பல்சுவை அரங்கு' என்பதே நேர்மை. எர்லிக், ரோசன் இருவரும் 1944-இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டனர்.

'கேளிக்கை' என்று மட்டும் எழுதவே கூடாது. 1944 ஜூன் 23 அன்று தெரேசியன்ஸ்டாட்டுக்கு வந்த செஞ்சிலுவைக் குழுவுக்கு நாஜிகள் காட்ட விரும்பிய பொய்யே அதுதான்: கைதிகள் இங்கே பொழுதுபோக்கி மகிழ்கிறார்கள் என்பது. அங்கே மேடை நிகழ்ச்சிகளைக் கவனித்த பிரிவின் ஜெர்மன் பெயரை 'ஓய்வுநேர ஏற்பாட்டுப் பிரிவு' எனலாம். அதை மேற்கோள்குறிக்குள் இடுங்கள்.

கபரெட்டில் 'கான்ஃபெரான்சியே' என்பவர் உருப்படிகளுக்கு நடுவே வந்து பேசி, கிண்டலடித்து, அடுத்ததை அறிமுகம் செய்பவர். 'தொகுப்பாளர்' என்றால் பாதி வேலைதான் வரும். தெருக்கூத்தின் 'கட்டியங்காரன்' முழுதும் பொருந்தும்.

மொழிபெயர்ப்பில் மிகவும் தடுக்குவது தெரேசியன்ஸ்டாட் கைதி லியோ ஸ்ட்ராஸின் 'அல்ஸ் ஓப்' (ஜெர்மனில் 'இருப்பதுபோல') பாட்டு. தெரேசியன்ஸ்டாட்டை அது பெயர் சொல்லாமல் 'அல்ஸ்-ஓப் ஊர்' என்கிறது. அங்கே ஒரு காப்பிக்கடை. இசை கேட்டபடி உட்கார்ந்தால் மனத்துக்கு... அல்ஸ் ஓப். வாக்கியம் அதோடு நின்றுவிடும். எது போல என்று சொல்லப்படாது. 'பாவனை ஊர்', 'போலி ஊர்' என்றால் இந்தத் தொங்கல் அறுந்துபோகும். 'போல' என்ற உவம உருபையே வைத்து, முன்னால் வரவேண்டிய சொல்லை வெற்றிடமாக விடுங்கள்: 'காப்பிக்கடையில் பாட்டுக் கேட்டால் மனத்துக்கு — போல.'