சிவப்பாக ஒன்று எடுத்து வா

கோடை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மாலை, ஆறு வயதுச் சிறுமியைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் என் கிளினிக்குக்கு ஓடி வந்தார்கள். பூங்காவில் பிறந்தநாள் விழா. பிள்ளைகளுக்குப் புதையல் வேட்டை வைத்து, தேடி எடுத்துவர வேண்டிய பொருட்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் வரி: ‘சிவப்பாக ஒன்று.’ அவள் கண்டெடுத்தது குன்றிமணி. ஐந்தாறு கையில் இருந்தன. ஒன்று வயிற்றுக்குள் போயிருந்தது.

நல்ல வேளையாக மெல்லாமல் விழுங்கியிருந்தாள். குன்றிமணியின் ஓடு கெட்டி. முழுதாக உள்ளே போனால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மென்றாலோ, ஓடு உடைந்திருந்தாலோ, உள்ளே இருக்கும் ஆப்ரின் என்ற நஞ்சு உயிருக்கே உலை வைக்கும். மருத்துவமனையில் சேர்த்துக் கண்காணித்தார்கள், ஒன்றும் ஆகவில்லை.

அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். அடுத்த வரிகள் ‘மஞ்சள் பூ’, ‘பச்சைக் காய்’. எழுதியவர் மனதில் என்ன இருந்ததோ தெரியாது. நம் ஊரில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் மஞ்சளாகப் பூத்து, பச்சையாகக் காய்த்து நிற்பது பல இடங்களில் மஞ்சள் அரளிதான். இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. இதயத் துடிப்பையே குலைத்துவிடும். நாம் சீட்டில் எழுதும் ஒவ்வொரு சொல்லும் ஒரு பிஞ்சுக் கையை எங்கோ அனுப்புகிறது என்பது எனக்கே அன்றுதான் உறைத்தது.

அதனால் ‘எடுத்து வா’ வேண்டாம், ‘பார்த்துச் சொல்’ போதும். என் பிள்ளைகளுக்கு மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் விளையாட்டு வைத்தபோது ஒரு கேள்வி கேட்டேன்: “தலைவலித் தைலத்துக்கும் இந்த இடத்துக்கும் என்ன சம்பந்தம்?” அமிர்தாஞ்சனைத் தொடங்கியவரின் பெயர்தான் பூங்காவுக்கு என்று கண்டுபிடிக்க, நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர்களை எல்லாம் துளைத்தெடுத்துவிட்டார்கள். ஒரு இலைகூடப் பறிபடவில்லை.

துப்புச் சீட்டு ஒளிக்க வேண்டுமென்றால் பெஞ்சின் முதுகில், கம்பிவேலியில், கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் கட்டுங்கள். மரப்பொந்து, புதர், கல் இடுக்கு கூடவே கூடாது. அங்கெல்லாம் குளவியும் பாம்பும் நமக்கு முன்பே குடியிருக்கலாம். முந்தைய நாள் அதே நேரத்தில் ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுங்கள். காவலாளியிடம் கேட்டால் எந்த மூலை ஆகாது என்று சொல்வார். வாசலுக்கு ஒரு பெரியவர் நிற்கட்டும். மே மாதமென்றால் காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள்.

பரிசுப் பொட்டலத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். விளக்கு மின்னும் மலிவுப் பொம்மைகளில் இருக்கும் பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும்.

எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் காத்திருக்க வேண்டாம். மிச்சமிருக்கும் காயையோ விதையையோ கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள், 108 இருக்கிறது. பாம்புக் கடியென்றால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் கொண்டுபோங்கள்.

அடுத்த ஆண்டு அந்தச் சிறுமியின் அம்மா புதுச் சீட்டை என்னிடம் காட்டிவிட்டுத்தான் விழா வைத்தார். முதல் வரி: ‘சிவப்புச் செருப்பு போட்டவர்கள் எத்தனை பேர்?’ ஏழா எட்டா என்று பிள்ளைகளுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லையாம்.