அக்குஸதீவோ: ஒரே தொடரில் இரண்டு ‘ன்’

எஸ்பெராந்தோ என்ற செயற்கைப் பொதுமொழியின் இலக்கணத்தில் அடிக்கடி கண்ணில் படும் சொல் ‘அக்குஸதீவோ’; நம் ‘ஐ’ போன்ற வேற்றுமையின் பெயர். மூலம் லத்தீன், அங்கே அதற்குக் ‘குற்றஞ்சாட்டும் வேற்றுமை’ என்று பொருள். வேற்றுமைக்கும் குற்றச்சாட்டுக்கும் என்ன உறவு? கிரேக்கத்தில் ‘அய்தியா’ என்றால் காரணம்; பழி என்றும் பொருள் உண்டு. அதிலிருந்து வந்த கிரேக்க வேற்றுமைப் பெயரை லத்தீனில் பெயர்த்தவர்கள் பழியைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதே வழக்கமான விளக்கம்.

1887இல் சாமென்ஹோஃப் வெளியிட்ட எஸ்பெராந்தோவில் பெயர்ச்சொல் ‘ஓ’ என்றும் பெயரடை ‘ஆ’ என்றும் முடியும். பன்மைக்கு ‘ய்’, அதன்பின் அக்குஸதீவோவுக்கு ‘ன்’. இந்த வரிசை மாறாது.

மி விதிஸ் த்ரி கிராந்தாய்ன் தோமோய்ன்.
(மூன்று பெரிய வீடுகளைப் பார்த்தேன்.)

தமிழில் ‘கள்’, ‘ஐ’ இரண்டும் வீட்டோடு ஒருமுறை ஒட்டினால் போதும், ‘பெரிய’ திரியாது. அந்தப் பழக்கத்தில்தான் நம்மவர்கள் ‘த்ரி கிராந்தா தோமோய்ன்’ என்று எழுதிவிடுகிறார்கள். பெயரடையும் பெயரோடு சேர்ந்து பன்மையும் வேற்றுமையும் ஏற்க வேண்டும். ‘த்ரி’ என்ற எண்ணும் ‘லா’ என்ற சுட்டும் மட்டும் அசையாது.

இது வீண் சுமையா? எஸ்பெராந்தோவைத் திருத்தி 1907இல் வந்த ‘இதோ’ (Ido) என்ற மொழி அப்படித்தான் கருதியது. பெயரடைக்கு இந்த ஒட்டுகளை விட்டுவிட்டது. ஆனால் ஒரு கதவைப் பாருங்கள்:

மி ஃபார்பிஸ் லா ருஜான் போர்தோன்: சிவப்புக் கதவைப் பூசினேன்.
மி ஃபார்பிஸ் லா போர்தோன் ருஜா: கதவைச் சிவப்பாகப் பூசினேன்.

‘ன்’ ஏற்ற ‘ருஜான்’ பெயர்த்தொடருக்குள் இருக்கிறது. ஏற்காத ‘ருஜா’ வெளியே நின்று பூச்சின் விளைவைச் சொல்கிறது. பெயரடை பெயருக்குப் பின்னும் வரலாம் என்பதால் இடத்தை மட்டும் நம்ப முடியாது. நாம் ‘ஆக’ போட்டுச் செய்வதை இவர்கள் ‘ன்’ போடாமல் செய்கிறார்கள்.

தமிழில் அக்குஸதீவோவைச் ‘செயப்படுபொருள் வேற்றுமை’ என்று எழுதுவோர் உண்டு. பொருள் விளங்கும், ஆனால் சட்டை சிறிது. ‘என் லா தோமோ’ என்றால் வீட்டுக்குள்ளே. ‘என் லா தோமோன்’ என்றால் வெளியிலிருந்து வீட்டுக்குள். இந்த ‘ன்’ செயப்படுபொருளைக் காட்டவில்லை, போகும் திசையைக் காட்டுகிறது. ஆகவே ‘இரண்டாம் வேற்றுமை’ என்பதே பொருத்தம். எஸ்பெராந்தோவில் இருப்பதே இரண்டு வேற்றுமைதான், எண்ணும் தவறாது. நன்னூல் ‘ஐ’ உருபுக்குத் தரும் ஆறு பொருள்களில் ‘அடைதல்’ ஒன்று: ஊரை அடைந்தான்.